கையெழுத்து கேட்காமல் திறந்த கதவு

உதவியாளர் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இன்று காலையில் ஒரு விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள். சிலர் அதை மடியில் வைத்திருக்கிறீர்கள், ஒருவர் விசிறிக்கொண்டிருக்கிறார். தவறில்லை, வெக்கைதான். நான் உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு தாள். தட்டச்சு செய்த தாளின் நான்காவது கார்பன் நகலாக இருக்க வேண்டும், எழுத்தெல்லாம் நீலமாகக் கலங்கியிருந்தது. மொத்தம் பதினோரு வரி. குழந்தையை அடிக்கக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது. குழந்தை தானாகச் செய்யக் கூடியதை நாம் செய்து கொடுக்கக் கூடாது. வேலை நேரத்தில் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பதிவேட்டில் யாருடைய கையெழுத்து இருக்கிறதோ அவரைத் தவிர வேறு யாரிடமும் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது. இப்படி எல்லா வரியும் கூடாது, கூடாது என்றே முடிந்தது. ஒரு தடவை வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன். அப்புறம் பல மாதம் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். காளவாசல் பக்கம் ஒரு வாடகை வீட்டில் பள்ளி நடந்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் பள்ளி என்று பலகை. நீங்கள் ஆட்டிசம் என்று இவ்வளவு எளிதாகச் சொல்கிறீர்களே, அந்தச் சொல்லை எங்களில் யாரும் அப்போது கேட்டதில்லை. இரண்டு ஆசிரியைகள், உதவியாளர்களாக நானும் ராக்கம்மா என்ற மூத்த பெண்ணும். எங்களை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. ஒத்தக்கடையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் தவறுக்கு இதுவும் ஒரு காரணம்.

என் பொறுப்பில் ஆறு குழந்தைகள். அவர்களில் ஒருத்தி பேச்சி. ஒன்பது வயது. பெயர்தான் பேச்சி, வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அவளுடைய அம்மா புகுந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, காளவாசலில் இருந்த தன் அக்கா வீட்டில் வந்து தங்கி, பக்கத்து மெஸ் ஒன்றில் மாவாட்டிக்கொண்டே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார். பதிவேட்டில் இரண்டு கையெழுத்துகள்தான். ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று பெரியம்மாவுடையது.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் பெரிய டீச்சர் என்று சொல்லும் தலைமை ஆசிரியை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். சின்ன டீச்சர் உள்ளே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். ராக்கம்மா கொல்லைப் பக்கம் குழந்தைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பத்தரை மணி இருக்கும், கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டு நான் போனேன். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தூக்குப்போணியோடு ஓர் ஆள் நின்றிருந்தார்.

“பேச்சியக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன். நான் அவ சித்தப்பன்” என்றார்.

“அவங்க அம்மா ஒண்ணும் சொல்லலைங்களே.”

“எங்க அண்ணன் சொல்லித்தான் வந்துருக்கேன். பெத்த அப்பன் சொன்னாப் பத்தாதா?”

“பெரிய டீச்சர் வெளிய போயிருக்காங்க. அவங்க வரட்டும்.”

அவர் முகம் மாறியது. “எங்க வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக நான் எம்புட்டு நேரம் ரோட்டுல நிக்கணும்? நீ யாரு, டீச்சரா?”

“இல்லைங்க. ஆயா.”

“பெறகென்ன. கதவத் தொற.”

திறந்தேன்.

பேச்சி அவரைப் பார்த்ததும் தூக்குப்போணியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் அதைத் திறந்து ஒரு பணியாரத்தை எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். தெரிந்த ஆள்தானே என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொன்னேன். பதிவேடு ஜன்னல் திண்டில் மூன்று அடி தூரத்தில் இருந்தது. அதை எடுத்து விரித்து, “இதுல உங்க பேரு இல்லைங்க” என்று சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. வெள்ளை வேட்டி கட்டியவர் அதட்டினால் ஒதுங்கி நிற்கப் பழகிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் குரலுக்கு எதிராக ‘முடியாது’ என்று சொல்ல என் நாக்கு பழகியிருக்கவில்லை. பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. என்னால் சொல்ல முடியாத அந்த ‘முடியாது’வை எனக்காகச் சொல்லத்தான் அந்த வரியை எழுதி வைத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை, ஆபீஸ் சொல்கிறது என்று கையை விரித்திருக்கலாம். எளியவர்களுக்கு விதி ஒரு கைத்தடி. நான் அதைப் பைக்குள் மடித்து வைத்திருந்தேன்.

பன்னிரண்டே காலுக்குப் பேச்சியின் அம்மா வழக்கம்போல மோர்சாதம் கொண்டு வந்தார். அவள் வேறு எதையும் மதியம் சாப்பிட மாட்டாள்.

“பேச்சி எங்க?”

“கூட்டிட்டுப் போயிட்டாங்க அக்கா.”

“யாரு?”

“சித்தப்பா.”

சொன்ன விதத்தைக் கவனியுங்கள். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். நான் கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

அவர் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “கோடாங்கிகிட்டக் கட்டிப்போடப் போறாங்க” என்றார். “ஆடி பொறந்ததுலருந்து இதே பேச்சு. நாப்பத்தெட்டு நாளு கல்லுல கட்டி வச்சா வாய் தொறந்துரும்னு. நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். அதான் எனக்குத் தெரியாம வந்துருக்காக.”

ஊருக்கு வெளியே குறி சொல்லும் கோடாங்கி ஒருவரின் இடம் அது. மனசு சரியில்லாதவர்களை அங்கே கொண்டுபோய்க் கட்டிவைப்பது வழக்கமாம். பேச்சியைத் தொட்டுப் பிடித்தாலே அவள் தலையை எதிலாவது மோதிக்கொள்வாள். அவளைக் கல்லில் கட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

“ராணி, நீயும் வா” என்று என் கையைப் பிடித்தார். “அவ வெறிச்சுட்டா எங்கிட்ட அடங்க மாட்டா. நீ சொன்னாத்தான் கேப்பா.”

நான் உடனே ஓடியிருப்பேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் ஐந்து குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு வலிப்பு வரும். ஒருத்திக்காக ஐந்து பேரைத் தனியே விட்டுவிட்டுப் போனால், காலையில் செய்த தவறை மதியமும் செய்கிறேன் என்றுதான் ஆகும். “ராக்கம்மா அக்கா வரட்டும்” என்றேன். அவர் கொல்லையிலிருந்து வந்து என் குழந்தைகளைத் தன் பாயில் சேர்த்து உட்கார வைக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் பேச்சியின் அம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனாலும் அன்று நான் சரியாகச் செய்தவற்றில் முதல் காரியம் அப்படிக் காத்திருந்ததுதான்.

சின்ன டீச்சரிடம் போய்ச் சொன்னேன். வேலை நேரத்தில் வெளியே போகக் கூடாது என்பது அதே தாளில் இருந்த இன்னொரு வரி. அவர் ஒரு தாளை நீட்டி, “போறதுன்னா எழுதி வச்சுட்டுப் போ. எதுக்குப் போறேன்னு எழுது. கீழ நானும் கையெழுத்துப் போடுறேன்” என்றார். எழுதினேன். விதியை மீற வேண்டி வந்தால் ஒளிந்து மீறாதீர்கள். பெயரெழுதி மீறுங்கள். அதை எனக்குச் சொல்லித் தந்தது சின்ன டீச்சரின் அந்த ஒரு கையெழுத்துதான்.

திருமங்கலம் வழியாகப் பேரையூர் போக இரண்டு மணி நேரம் ஆனது. அங்கிருந்து கரிசல் காட்டு வழியே நடந்தோம். பேச்சியின் அம்மா நடையா ஓட்டமா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். கருவேலங்காட்டுக்குள் ஒரு கூரைக் கொட்டகையும் அதற்கு முன்னால் நட்டு வைத்த கற்களும் தெரிந்தன. நாலைந்து பேர் கட்டப்பட்டிருந்தார்கள். கடைசிக் கல்லில் பேச்சி. கணுக்காலில் கயிறு. பள்ளிச் சீருடை அப்படியே இருந்தது. கொஞ்சம் தள்ளி அவளுடைய அப்பா குத்தவைத்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மஞ்சள் வேட்டிக்கு மாறியிருந்தார். அவர் பேச்சிக்காகச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒருபொழுது விரதம் என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளைக்குக் கெடுதல் நினைத்து வந்த மனிதர் இல்லை அவர். அன்றைக்கு அங்கே இருந்த யாருமே அப்படி இல்லை.

அம்மா கூச்சல் போட்டுக்கொண்டே ஓடினார். இரண்டு பெண்கள் வந்து அவரைப் பிடித்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச்சி மிரண்டு கல்லில் தலையை மோத ஆரம்பித்தாள். சித்தப்பா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்தார். இன்னொருவர் தோளை அமுக்கினார். அமுக்க அமுக்க மோதல் பலமானது. “விடுங்க, பிடிச்சது எறங்குது, ஆடட்டும்” என்றார் கோடாங்கி. நெற்றியில் ரத்தம் தெரிந்தது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைக்கும் கல்லுக்கும் நடுவில் என் இடது கையை வைத்தேன். தலையைப் பிடித்து நிறுத்தக் கூடாது, இடையில் கை வைக்க வேண்டும் என்று பள்ளியில் பழகியிருந்தேன். அங்கே சுவர்தான், இது கருங்கல். முதல் மோதலிலேயே விரல் முட்டிகள் தோல் உரிந்தன.

“நீ எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பிள்ள?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று என்னைப் போன்ற வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

“பள்ளிக்கூடத்துலருந்து வாரேன்” என்றேன். சித்தப்பாவைப் பார்த்து, “கைய எடுங்கண்ணே” என்றேன்.

காலையில் எனக்கு வராத குரல் அது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. என் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கையை எடுத்தார். தோளைப் பிடித்தவரும் விட்டார். “எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, யாரும் பேசாதீங்க. அக்கா, நீங்களும்தான்” என்றேன்.

பள்ளியில் சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படுமுன் எல்லாக் குழந்தைகளையும் உட்கார வைத்து ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவோம். அதையே செய்தேன். ஒன்று என்றேன். மோதினாள். இரண்டு. மோதினாள். அவசரப்படாமல், வகுப்பில் எண்ணுவதைப் போலவே எண்ணினேன். எட்டு, ஒன்பது வரும்போது தலை என் கையில் பட்டது, ஆனால் வலிக்கவில்லை. பதினான்கில் நின்றுவிட்டாள். என் வாயையே பார்த்தாள்.

இருபது என்றதும் எழுந்தாள். இருபது முடிந்தால் செருப்புப் போட வேண்டும், அதுதான் வழக்கம். அவள் செருப்பு கொட்டகை வாசலில் கிடந்தது. அதைப் பார்த்து நடந்தாள், கயிறு இழுத்தது. மறுபடியும் நடந்தாள், மறுபடியும் இழுத்தது. அவள் அழவில்லை. காலை நீட்டிச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அப்பா எழுந்து போய் அந்தச் செருப்பை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். பேச்சி உட்கார்ந்தாள். வலது செருப்பை வலது காலில் மாட்டி, வாரை இழுத்து, கொக்கியைத் துளையில் நுழைத்தாள். நேரமானது. யாரும் உதவவில்லை, நானும் உதவவில்லை. இடது காலுக்கு வந்தபோது கயிறு குறுக்கே இருந்தது. வார் ஏறவில்லை. அவள் திரும்பத் திரும்ப முயன்றாள்.

“இத எப்பப் படிச்சா?” என்று அவர் கேட்டார்.

“இப்பத்தாங்க, பங்குனியில. எட்டு மாசமாச்சு படிக்க.”

அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தார். சித்தப்பா, “அண்ணே” என்றார். “விட்றா” என்றார் அப்பா, நிமிர்ந்து பார்க்காமலேயே. கோடாங்கி ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அந்தக் கிழவர் வந்து பேச்சியின் நெற்றிக் காயத்தின் மேல் படாமல் திருநீறு பூசிவிட்டு, “கூட்டிட்டுப் போங்க. சாமி குத்தமில்ல” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சி என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இப்போது நான் சொல்லப்போவதைப் பயிற்சி வகுப்புகளில் நான் எப்போதும் விட்டுவிடுவேன். இது என் கடைசி வகுப்பு, அதனால் சொல்கிறேன்.

கேட்டைத் திறந்தது யார் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. சின்ன டீச்சர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராக்கம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே அவரை நிறுத்திவிடலாமா என்று பேச்சு இருந்தது. அவர் திறந்துவிட்டார் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். இந்த வேலை போனால் எனக்கு மறுபடியும் வயல்தான். பேரையூரிலிருந்து திருமங்கலம் வரை நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ரத்தம் கட்டிய கையோடு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன்.

திருமங்கலத்தில் பஸ் நின்றபோது பேச்சியின் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போடத் தொடங்கினார். “நீ மட்டும் இல்லைன்னா இன்னைக்கி எம்பிள்ள எனக்கில்ல ராணி. ஒன்ன எங்க கொலசாமி மாதிரி நெனக்கிறேன்” என்றார்.

அதைத் தாங்க முடியவில்லை.

“அக்கா, கேட்டத் தொறந்து விட்டது நாந்தான். பதிவேட்டக்கூடப் பாக்கல. அவரு அதட்டுனாரு, குடுத்துட்டேன்.”

அவர் கட்டின் கடைசி முடிச்சைப் போட்டு முடித்தார். பிறகு என் மடியிலிருந்து பேச்சியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காளவாசல் பஸ்ஸைத் தேடிப் போனார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேச்சி பதினெட்டு வயது வரை அந்தப் பள்ளியில் இருந்தாள். பேச்சு வரவில்லை. சமையல்கட்டில் அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கவும், தனியே குளிக்கவும், கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டிச் சாமான் வாங்கி வரவும் கற்றுக்கொண்டாள். அவளுடைய அப்பா மாதம் ஒருமுறை வந்து வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். நான் பிறகு பயிற்சி பெற்று ஆசிரியையாகி, உதவியாளர்களுக்குப் பொறுப்பாளரானேன். ஆனால் மறுநாள் காலையில் இதெல்லாம் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. நான் எட்டு மணிக்கே போய்ப் பெரிய டீச்சரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார்.

“வெளிய போனதுக்கு நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. எழுதி வச்சுட்டுப் போயிருக்க, மத்த பிள்ளைங்கள ஒப்படச்சுட்டுப் போயிருக்க. கேட்டத் தொறந்ததுக்கு மெமோ உண்டு. அது உன் ஃபைல்ல இருக்கும்” என்றார். “இன்னொண்ணு. பேச்சிய இனி உன் வகுப்புல விடுறதா வேண்டாமாங்கிறத அவங்க அம்மா சொல்லட்டும். அவங்க வேண்டாம்னா நீ காரணம் கேக்கக் கூடாது.”

ஒன்பது மணி ஆனது. ஒவ்வொரு குழந்தையாக வந்தது. ஒன்பதே காலுக்கு பேச்சியும் அவள் அம்மாவும் கேட்டருகில் வந்தார்கள். பேச்சியின் நெற்றியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெரிய டீச்சர் வெளியே வந்து அவளுடைய அம்மாவிடம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். தவறு எங்கள் பள்ளியுடையது என்றார். இவளிடம் விடலாமா, வேறு வகுப்பில் விடட்டுமா என்று கேட்டார். நான் ஜன்னலோரமாகத் தரையைப் பார்த்து நின்றிருந்தேன்.

அம்மா பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ராத்திரி பூரா இவ மேல கோவந்தான் டீச்சர்” என்றார். “ஆனா இவ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது.” பிறகு என்னிடம் வந்தார். “நாலு மணிக்கு... இன்னைக்கி அரைநாள்ல. பன்னெண்டரைக்கு நானே வாரேன். நான் வாரதுக்குள்ள யாரு வந்து கேட்டாலும்...”

“குடுக்க மாட்டேன் அக்கா.”

“அவங்க அப்பனே வந்தாலும்?”

“குடுக்க மாட்டேன்.”

அவர் பேச்சியின் கையை என் இடது கையில், கட்டுப் போட்ட கையில் வைத்தார். பேச்சி குனிந்து அந்தக் கட்டை முகர்ந்து பார்த்தாள். அது அவள் அம்மாவின் சேலைத் துணி. கையை விடாமல் என்னோடு உள்ளே வந்தாள்.